மாமியார் வேஷம் கட்டின மருமக

படுத்துக்கோ. காலை நீட்டு. சாயங்காலம் நம்ம வாசலுக்கு அனுமார் வந்தாரே, வாலை ஆட்டிக்கிட்டு. அது யாரும்மான்னு கேட்ட. வேஷம் கட்டியிருக்காங்கன்னு சொன்னேன். வேஷத்தை எதுக்குக் கட்டணும், அது என்ன ஆடா மாடான்னு திருப்பிக் கேட்ட. அதுக்கு ஒரு கதை இருக்கு. நீ ம் கொட்டணும். கொட்டலன்னா கதை அங்கயே நின்னுரும்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு பேசாத மருமக இருந்தாளாம்.

ஊர்ப் பேரு செம்மண்தேரி. எங்க பாத்தாலும் செக்கச் செவேல்னு மணலு, மணலுக்கு நடுவுல பனைமரம். காத்தடிச்சா சர்ர்ருன்னு மணலு எழும்பும், ஓலையெல்லாம் சலசலன்னு கை தட்டும். அந்த மருமக பேரு தங்கபுஷ்பம். ஊமையெல்லாம் இல்ல. அவ அம்மா வீட்டுல இருந்தப்ப லொடலொடன்னு பேசுனவதான். கல்யாணம் முடிஞ்சு இந்த வீட்டுக்குள்ள காலை வச்சா பாரு, அன்னையிலருந்து பேச வாயைத் தொறந்தா தொண்டைக்குள்ள 'க்ளுக்'னு ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான். சொல்லு உள்ளயே போயிரும். சிரிப்பா, தலையை ஆட்டுவா, வேலையெல்லாம் சுத்தமா செய்வா. பேச்சு மட்டும் கெடையாது.

அவ மாமியார் வடிவம்மை இருக்காளே, அவ பேசுனா நாலு தெருவுக்குக் கேக்கும். காதுல பாம்படம் தொங்கும். கொண்டை எப்பவும் எடது பக்கமா சாஞ்சு கெடக்கும். இடுப்புல சாவிக்கொத்து, நடந்தா சலக் சலக் சலக். அந்தச் சத்தம் கேட்டா போதும், மாமனாரு பட்டுமுத்து கட்டில்ல இருந்து பொசுக்குனு எந்திரிச்சு, சும்மா கெடக்குற நாரை எடுத்துக் கயிறு திரிக்க ஆரம்பிச்சுருவாரு. அவ தாண்டிப் போனதும் மறுபடி படுத்துக்குவாரு.

"ம்."

அப்புறம் ஒரு நாளு, கருப்பட்டி விக்கிற அண்ணாச்சி ஒரு சேதி கொண்டு வந்தாரு. தங்கபுஷ்பத்தோட அக்காளுக்குப் பொம்பளப் பிள்ளை பொறந்திருக்காம். அம்மன் கோயில் திருவிழா, அதான் கொடை, அது கழிஞ்ச மறுநாள் தொட்டில்ல போடப் போறாங்களாம். தங்கபுஷ்பம் கைவேலையை அப்படியே விட்டுட்டு வாசலுக்கு ஓடியாந்தா. ஏன்னா அவ ஊரு உப்பாத்தங்கரையில ஒரு வழக்கம். பிள்ளையை முத தடவை தொட்டில்ல போடுறப்ப, சித்திக்காரிதான் வந்து சேலையை முடிச்சுப் போட்டுத் தொட்டில் கட்டணும். சித்தி வரலன்னா தொட்டில் கெடையாது. பிள்ளையை அம்மைக்காரி மடியிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்.

அவ புருஷன் சிவனணைஞ்சான் பனையேறுற ஆளு, நல்ல மனுஷன். அவன் போய் அம்மைகிட்ட கேட்டான். வடிவம்மை வெத்தலையை இடிச்சுக்கிட்டே சொன்னா:

"போறவ நீயா, அவளா? அவ வாயைத் தொறந்து கேக்கட்டும். அனுப்புறேன்."

அவ்வளவுதான் பேச்சு. தங்கபுஷ்பமும் கேட்டுப் பாத்தா. அடுப்படியில போய் நின்னுக்கிட்டு, "அத்..." ங்குறா, க்ளுக். என்ன விக்கலா, தண்ணியைக் குடின்னுட்டா மாமியார். அப்புறம் சாப்பாட்டு நேரத்துல போனா. க்ளுக். மீன் முள்ளா, சோத்தை உருண்டையா முழுங்குன்னுட்டா. அப்புறம் ஆட்டுக்குத் தழை போடுற நேரத்துல போனா. க்ளுக். வடிவம்மை சுத்தி முத்திப் பாத்துட்டு மகன்கிட்ட கேட்டாளாம், இந்த மணல்காட்டுல தவளை எப்படிடா வந்துதுன்னு.

சிரிக்காத. தூக்கம் போயிரும். ம் சொல்லு.

"ம். அப்புறம்?"

அப்புறம் கொடை வந்துது. அந்த ஊர்க் கொடையில என்ன வழக்கம்னா, வீட்டுக்கு ஒருத்தர் பூசிக்கிட்டு வரணும். அப்பெல்லாம் வேஷம் கட்டுறதுங்குற பேச்சே கெடையாது. பூச்சுன்னுதான் சொல்லுவாங்க. கரியைப் பூசுனா கரடி. மஞ்சளைப் பூசுனா புலி. செம்மண்ணைப் பூசுனா ராசா. யாரா வந்தாலும் ஊரு அவங்களை அவங்களாவே நடத்தணும். கரடி வந்தா ஓடணும், ராசா வந்தா எந்திரிக்கணும். அம்மனுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துற வரைக்கும் அதுதான் நெசம். அப்போ சொல்ற சொல்லு அம்மன் சொன்ன மாதிரி. யாரும் மீறக் கூடாது.

இன்னொண்ணும் உண்டு. அந்த ஊர்ல இருக்குற ஒரு ஆளு மாதிரியே இன்னொருத்தர் பூசிக்கிட்டு வந்துட்டா, நெசமான ஆளு எடத்தை விட்டுக் குடுத்துரணும். குடுத்துட்டு வந்தவங்க எடத்துல போய் நிக்கணும். ஒரு கொடையில மேளக்காரரு ஊர்த்தலைவர் மாதிரி வந்து நாக்காலியில உக்காந்துட்டாரு. தலைவரு பொழுதன்னைக்கும் மேளம் அடிச்சாரு. தொம் தொம் தொம். கையெல்லாம் கொப்புளம். அடுத்த கொடையிலருந்து மேளக்காரருக்குத்தான் முத பந்தியில சாப்பாடு.

ஆனா லேசுல ஒத்துக்க மாட்டாங்க. மூணு ஒப்பு வேணும். ஒரு நாலு கால், ஆடோ மாடோ, ஒத்துக்கணும். ஒரு ரெண்டு கால், அதான் மனுஷன், ஒத்துக்கணும். அப்புறம் யார் மாதிரி வந்தாங்களோ அந்த ஆளே ஒத்துக்கணும். வெளங்குதா?

"ம்."

அந்த வருஷம் அந்த வீட்டுலருந்து சிவனணைஞ்சான்தான் புலியாப் போவணும். அவனுக்குப் பனைமட்டைக் கருக்கு காலைக் கிழிச்சுருச்சு. நொண்டிப் புலியை எந்த அம்மன் ஏத்துக்குவா? வடிவம்மை யோசிச்சா. மருமகளை மேலயும் கீழயும் பாத்தா. நீ போளா, பொம்மையாப் போ, மஞ்சளைப் பூசிக்கிட்டு மூலையில நில்லு, பேச வேண்டாம், உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்னு சொல்லிட்டு வெத்தலை இடிக்கப் போயிட்டா.

தங்கபுஷ்பம் மஞ்சக் கிண்ணத்தை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் பின்னால போனா. கையில மஞ்சளைத் தொட்டா. முகத்துக்குக் கொண்டு போனா. அப்போ கொடியில காயப் போட்டிருந்த மாமியாரு சேலை காத்துல வந்து அவ முகத்துல பட்டுனு அடிச்சுது. அவ நிமிந்து பாத்தா. ஒரு யோசனை வந்துது. யோசனை வந்த உடனே பயமும் வந்துது. கிண்ணத்தைக் கீழ வச்சுட்டா.

ஒண்ணும் பூசல. கட்டுனா.

மாமியார் கட்டுற மாதிரியே சேலையைத் தூக்கிக் கட்டுனா. ரெண்டு பழந்துணியை இடுப்பைச் சுத்திக் கட்டுனா, இடுப்பு பெருசாச்சு. கொண்டையை எடது பக்கமாச் சாச்சுக் கட்டுனா. பாம்படத்துக்கு எங்க போவ? மரத்தடியில உதுந்து கெடந்த பிஞ்சு, ரெண்டு குரும்பையைப் பொறுக்கி நூல்ல கோத்து, காதுல தொங்கவிட்டுக் கட்டுனா. சாவிக்கொத்துக்குப் பதிலா சோவியும் சிப்பியும் சேத்து இடுப்புல கட்டுனா. ஒரு எட்டு நடந்து பாத்தா. சலக்.

அந்தச் சத்தம் கேட்டதும் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டுது. வாயைத் தொறந்தா. க்ளுக் வரல.

"ஏஏஏய்" னு வந்துது. பனைமரத்துல இருந்த காக்கா எல்லாம் பறந்துருச்சு.

அப்புறம் அவ ஆட்டுத் தொழுவத்துக்குப் போனா. அதுதான் முத ஒப்பு, நாலு கால் ஒப்பு. ஊருப் பிள்ளைகளெல்லாம் பின்னாலயே வந்துட்டாங்க. அங்க ஒரு கெடா உண்டு, ஒத்தக்கொம்பன்னு பேரு. வடிவம்மை கொரலைத் தவிர யாருக்கும் அசையாது. யாராவது கிட்ட போனா முட்டித் தள்ளிரும், தொப்புனு. இவ இடுப்புல கையை வச்சா. வேலிக்கு இந்தப் பக்கமே நின்னுக்கிட்டு, "ந்தா... ப்பா ப்பா ப்பா" ன்னா. ஒத்தக்கொம்பன் மேயுறதை நிறுத்திட்டு, காதை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, மேஏஏன்னு ஒரு சத்தம் குடுத்துட்டு வந்துது. வந்து அவ இடுப்புத் துணியை நக்குச்சு. ஒப்பு ஒண்ணு.

"ம்."

அப்புறம் ரெண்டு கால் ஒப்பு. வீட்டுக்குள்ள பட்டுமுத்து மாமா மல்லாக்கப் படுத்துக் கொறட்டை விடுறாரு, கொர்ர்ர், கொர்ர்ர். இவ வாசப்படியில வர்றா. சலக் சலக் சலக். கொறட்டை பாதியில நின்னுது. கண்ணைத் தொறக்காமலே எந்திரிச்சாரு, நாரை எடுத்தாரு, திரிக்க ஆரம்பிச்சாரு. முடிஞ்சுது வடிவு, முடிஞ்சுது, இன்னும் ஒரு முழம்தான்னு சொல்லிக்கிட்டே மெதுவாக் கண்ணைத் தொறந்தா, முன்னால நிக்கிற காலு வடிவு காலு இல்ல. வெரல்ல புது மிஞ்சி பளபளங்குது. நிமிந்து முகத்தைப் பாத்தாரு. மனுஷனுக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வருது. அடக்கிட்டாரு. அடக்கிட்டு, இன்னும் வேகமாத் திரிச்சாரு. ஒப்பு ரெண்டு.

இப்போ மூணாவது. அதுதான் கஷ்டம். தெருவே வாசல்ல கூடிப் போச்சு. தலைவரு வந்துட்டாரு, மேளக்காரரு வந்துட்டாரு. வடிவம்மை வாசல்ல காலை நீட்டி உக்காந்து டொக்கு டொக்குனு வெத்தலை இடிச்சுக்கிட்டு இருக்கா. நெசமான வடிவம்மை. தங்கபுஷ்பம் முந்தியை இழுத்துச் சொருகுனா. நேரா போய் முன்னால நின்னா. தெனம் காலையில அவ காதுல விழுற சொல்லு அப்படியே வந்துது.

"பொழுது பனை ஒசரம் ஏறிட்டுது. இங்க யாருளா வாசல்ல காலை நீட்டிக்கிட்டு? ஊர்ல எல்லாருக்கும் மருமக வந்தா. எனக்கு மட்டும் ஒரு அம்மிக்கல்லு வந்திருக்கு."

டொக்கு சத்தம் நின்னு போச்சு. வடிவம்மை நிமிந்து பாத்தா. சாஞ்ச கொண்டையைப் பாத்தா, குரும்பையைப் பாத்தா, சிப்பியைப் பாத்தா. அவ முகம் கொதிக்கிற பதனி மாதிரி பொங்கிப் பொங்கி வருது. யாருக்கும் ஒண்ணும் வெளங்கல, கோவமா என்னன்னு. கடைசியில புருஷனைத் திரும்பிப் பாத்து, நான் இப்படியா கத்துறேன்னு கேட்டா.

அவரு உள்ளருந்து கயித்தைத் திரிச்சுக்கிட்டே சொன்னாரு, "இது கொஞ்சம் கொறச்சல்தான்."

அவ்வளவுதான். வடிவம்மை வயிறு குலுங்க ஆரம்பிச்சுது. குலுங்கிக் குலுங்கி, பாம்படம் ரெண்டும் ஆட, கண்ணுல தண்ணி வரச் சிரிச்சா. சிரிச்சு முடிச்சு, எந்திரிச்சு, நெசமான சாவிக்கொத்தை அவுத்து மருமக கையில குடுத்தா. ஒப்பு மூணு. குடுத்துட்டு என்ன செஞ்சா தெரியுமா? உள்ள போய்க் கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டா. மருமக நிக்கிற எடத்துல.

"ம்... அவ பொய்தானே சொன்னா?"

யாரு? தங்கபுஷ்பமா? பொய்யின்னா ஒருத்தருக்குத் தெரியும், இன்னொருத்தருக்குத் தெரியாது. இங்க ஆட்டுக்கு மட்டும்தான் தெரியாது. மத்த எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சேதான் ஒத்துக்கிட்டாங்க. கேளு.

தங்கபுஷ்பம் மாமியார் எடத்துல காலை நீட்டி உக்காந்தா. இதுக்குத்தானே இவ்வளவு பாடு. நாளைக்குத் தொட்டில். இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வண்டி ஏறணும். அவ கதவுப் பக்கம் திரும்பி, சாவிக்கொத்தை ஆட்டிக்கிட்டு சொன்னா:

"ஏளா, கதவுக்குப் பின்னால என்ன நிக்கிற? போறவ நீதானே. வாயைத் தொறந்து கேளு. அனுப்புறேன்."

ஊருக்கெல்லாம் ஒரே சிரிப்பு. பலே பலேங்குறாரு மேளக்காரரு. வடிவம்மைக்கு இது ஒரு வேலையா, அவ கேட்டா நாலு தெருவுக்குக் கேக்குமே. வடிவம்மையும் சிரிச்சுக்கிட்டேதான் கதவு இடுக்கு வழியா தலையை நீட்டுனா. வாயைத் தொறந்தா.

க்ளுக்.

எல்லாரும் இன்னும் சிரிச்சாங்க. என்னமா நடிக்கா பாருன்னாங்க. தங்கபுஷ்பம் மட்டும் சிரிக்கல. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். அதை யாராலயும் நடிக்க முடியாது.

அந்தக் கதவுக்குப் பின்னால ஒரு காலத்துல வடிவம்மையும் நின்னவதான். ஒரு சின்னப் பொண்ணா, அவ மாமியாருகிட்ட, அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரட்டுமான்னு கேக்க வாயைத் தொறந்து தொறந்து மூடிக்கிட்டு. கேக்கவே இல்ல. கேக்குற தைரியம் வந்தப்ப, போயிப் பாக்க அம்மா இல்ல. அதையெல்லாம் அவ மறந்து போயிட்டா. கதவுக்கு மறக்கல.

"ம்."

அப்புறம் மெதுவா, அவ கொரலே இல்லாத மாதிரி ஒரு சின்னக் கொரல்ல கேட்டா.

"அத்தை... எங்க அம்மா வீட்டுக்கு ஒருவாட்டி போயிட்டு வரட்டுமா?"

தங்கபுஷ்பத்துக்குத் தொட்டில் மறந்து போச்சு. என்ன சொல்லணும்னு நெனச்சு வச்சிருந்ததெல்லாம் மறந்து போச்சு. "போயிட்டு வா தாயி" ன்னா.

சொல்லி முடிச்ச பெறவுதான் தலைவரு தாடையைத் தடவுனாரு. அப்போ ஒரு சிக்கல் இருக்கேன்னாரு. கேட்டது யாரு? வடிவம்மை. போயிட்டு வான்னு உத்தரவு குடுத்தது யாருக்கு? வடிவம்மைக்கு. அப்போ போவ வேண்டியது வடிவம்மைதானே. சொன்ன சொல்லை மீறக் கூடாதே. பொம்பளைங்கல்லாம் ஆமா ஆமான்னாங்க, அய்யோ பாவம்னாங்க, ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. இப்படி ஒரு மடத்தனம் பண்ணிட்டமே, நம்ம வாயாலயே நம்ம வழியை அடைச்சுட்டமேன்னு தங்கபுஷ்பம் குனிஞ்சுக்கிட்டா. குரும்பை ரெண்டும் கன்னத்துல வந்து இடிச்சுது.

அப்போ கதவு கிரீச்சுனு தொறந்துது. வடிவம்மை வெளிய வந்தா. தலையைக் குனிஞ்சு, முந்தியை இழுத்துப் போத்திக்கிட்டு, நல்ல மருமக மாதிரி. தலைவர்கிட்ட பணிவாக் கேட்டா.

"மாமா, நான் இப்போ யாரு?"

"இந்த வீட்டு மருமக, தங்கபுஷ்பம்."

"தங்கபுஷ்பத்துக்கு அம்மா வீடு எங்க இருக்கு?"

"உப்பாத்தங்கரையில."

"அப்போ உப்பாத்தங்கரைக்கு வண்டியைப் பூட்டுங்க. வயசுப் பொண்ணைத் தனியா அனுப்ப முடியுமா? எங்க அத்தையும் கூட வரணும்."

சொல்லிட்டு தங்கபுஷ்பத்தைப் பாத்து, கெளம்புங்க அத்தைன்னு கையைப் பிடிச்சுத் தூக்கி விட்டா. தலைவரு இன்னும் தாடையைத் தடவிக்கிட்டு, ஊர் எல்லையைத் தாண்டலாமான்னு யோசிக்கிறாரு. மேளக்காரரு இவரு எப்ப யோசிச்சு முடிக்கன்னு தொம் தொம்னு அடிச்சு வண்டியை அனுப்பியே விட்டுட்டாரு.

ஜல் ஜல் ஜல்னு வண்டி போவுது. மணலுக்குள்ள சக்கரம் கரகரங்குது. வழியில பாக்குறவங்கல்லாம் வாயைப் பொளந்து பாக்குறாங்க. இளவயசுக் கெழவி காலை நீட்டி உக்காந்திருக்கா, வயசான பொண்ணு கனகாம்பரம் வச்சுக்கிட்டு ஓரமா ஒதுங்கி உக்காந்திருக்கா. என்னம்மா இது, பூச்சுக்காரங்களான்னு கேட்டாங்க. அதுக்கு வடிவம்மைதான் பதில் சொன்னாளாம், இது பூச்சு இல்ல, பூசுனா வேர்வையில போயிரும், எங்க அத்தை கட்டியிருக்காங்கன்னு. அன்னையிலருந்துதான் வேஷம் கட்டுறதுங்குற பேச்சு வந்துதாம். ஊருக்கே தெரிஞ்சு, ஊரும் மனசார ஒத்துக்கிட்டு, ஒருத்தர் இன்னொருத்தரா நின்னா, அது வேஷம் கட்டுறது. ஒருத்தருக்கும் தெரியாம ஏமாத்துறான் பாரு, அவனை வேஷம் போடுறான்னு சொல்லுவாங்க. அது வேற. அது நமக்கு வேண்டாம்.

தூங்கிட்டியா?

"...ம்ம்."

இன்னும் கொஞ்சம்தான். உப்பாத்தங்கரையில தங்கபுஷ்பத்தோட அம்மா அன்னத்தாய் வாசல்லயே வழியைப் பாத்துக்கிட்டு நிக்கிறா. வண்டி வந்து நின்னுது. சேலையைப் பாத்தா, கொண்டையைப் பாத்தா, வாங்க மதினி வாங்கன்னு கையைப் பிடிச்சா, பிடிச்ச கை மகளோட கை. அப்படியே நின்னுட்டா. பின்னாலயே நெசச் சம்பந்தி கூடையைத் தூக்கிக்கிட்டு, குனிஞ்ச தலை நிமிராம எறங்குறா.

தங்கபுஷ்பம் அம்மா காதுல குசுகுசுன்னு எல்லாத்தையும் சொன்னா. கதவு, க்ளுக், எல்லாம். அன்னத்தாய் கேட்டா. சிரிக்கல. நேரா வடிவம்மைகிட்ட போனா. வடிவம்மை அவளை விட மூத்தவ, உடம்பும் ரெண்டு மடங்கு. அன்னத்தாய் அவ கன்னத்தை ரெண்டு கையாலயும் வழிச்சா. வழிச்சுட்டு, அம்மா வீட்டுக்கு வர்ற எல்லாப் பொண்ணுகிட்டயும் எல்லா அம்மாவும் சொல்ற சொல்லைச் சொன்னா.

"எளைச்சுப் போயிட்டியே மக்கா."

வடிவம்மைகிட்ட அந்தச் சொல்லை அவ ஆயுசுல ஒருத்தரும் சொன்னதில்ல. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துது. ஆமாம்மா, அங்க சரியாச் சோறு போட மாட்டேங்குறாங்கம்மான்னா, மருமகளை ஓரக் கண்ணால பாத்துக்கிட்டே. வாசல்ல நின்ன அத்தனை பேரும் கொல்லுனு சிரிச்சுட்டாங்க.

மறுநாள் தொட்டில். மஞ்சத்தண்ணி ஊத்துறதுக்கு முன்னாலயே வந்துட்டாங்களே, அப்போ சித்தி யாரு, தங்கபுஷ்பமா, வடிவம்மையான்னு ஒரு பேச்சு வந்துது. தொட்டில் சேலைக்கு ரெண்டு முனை இருக்குல்லான்னு அன்னத்தாய் சொல்லிட்டா. ஒரு முனையை இவ முடிச்சுப் போட்டா, ஒரு முனையை அவ முடிச்சுப் போட்டா. பிள்ளையைப் போட்டாங்க. இப்படி ஒரு ஆட்டு, அப்படி ஒரு ஆட்டு. தங்கபுஷ்பம் தாலாட்டுப் பாடுறா, நல்ல சத்தமா, அவ கொரல்லயே. வடிவம்மை தலைக்கு எண்ணெய் வச்சுக்கிட்டு, அன்னத்தாய் மடியில தலையைச் சாச்சுக் கெடக்கா. அன்னத்தாய் கோதி விடுறா. பிள்ளைக்கு முன்னாடி அவதான் தூங்குனாளாம்.

ம் சொல்லு... சொல்லலியா?

சரி. தொட்டில் அங்க ஆடட்டும், கதை அதுலயே தூங்கட்டும். நீயும் தூங்கு.